நான்காவது உறுத்தல்

“அம்மா, படம் பாக்கதுக்கு எதுக்குக் கையில கட்டுப் போடுத? பாத்தா வலிக்குமா?”

டெல்பின் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. மெட்டில்டா அப்போதுதான் கண்மாடத்தில் சேர்ந்திருந்தாள். மணிக்கட்டில் பட்டையை இறுக்கிக்கொண்டே, “வலிக்காதுட்டி, நீ போய்ப் பல்ல வெளக்கு” என்று சிரித்தபடி மகளை அனுப்பிவைத்தாள். மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகு, தான் சொன்னது உண்மைதானா என்று சில காலைகளில் அவளுக்கே சந்தேகம் வரும்.

காலை ஏழு மணிக்குப் பார்வை வேளை. தூத்துக்குடியின் பழைய தெருக்களுக்குள் கடல் வந்து தங்கிவிட்ட பிறகு, ஊர் மேற்கே மேட்டுநிலத்துக்கு மாறியிருந்தது. அங்கே ஒன்பதாவது மாடியில், வடக்கு வெளிச்சம் விழும் ஓர் அறையைக் கண்மாடம் அவளுக்குக் கொடுத்திருந்தது. ஒரு பக்கம் துணிச்சட்டங்களும் நிறக்குப்பிகளும். மறுபக்கம் வெறும் சுவர். அந்தச் சுவரில்தான் ஒவ்வொரு காலையும் முகம் தெரியாத யாரோ ஒருவரின் படைப்பு உருவொளியாக வந்து நிற்கும். துணியின் நூலிழை, களிமண்ணில் பதிந்த கைரேகை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். தொடப் போனால் மட்டும் கை காற்றில் போகும்.

கண்மாடம் ஓர் இணையக் காட்சிக்கூடம். அதற்குக் கட்டடம் கிடையாது. தாமே படம் வரையும் படப்பொறிகள் வந்த பிறகு, இரண்டு சொல் சொன்னால் எவருக்கும் எந்தப் படமும் கிடைத்துவிடும் என்று ஆகியிருந்தது. டீக்கடைச் சுவரில்கூட மணிக்கு ஒரு படம் மாறியது. படம் இல்லாத சுவர் ஊரில் இல்லை. நின்று பார்க்கிறவரும் இல்லை. அந்தக் காலத்தில் சிலர் சேர்ந்து, கையால் செய்த படைப்புகளுக்கு மட்டும் என்று கண்மாடத்தைத் தொடங்கினார்கள். அதற்குள் நுழைகிறவர் ஒரு நாளைக்கு ஒரே ஒரு படைப்பைத்தான் பார்க்கலாம். அதனாலேயே உலகத்தின் பல மூலைகளிலிருந்து மக்கள் அங்கே வந்தார்கள்.

புதிய ஓவியர் ஒருவரைக் கண்மாடம் எடுத்துக்கொண்டால் மூன்று ஆண்டுகள் தாங்கும். பணியறை, துணி, நிறம், மாதப்படி எல்லாம் கொடுக்கும். அருங்காட்சியகங்களோடு பேச, பொறியால் ஆன ஒரு துணைக்குரலையும் கொடுக்கும். பதிலுக்கு அந்த ஓவியர் செய்யவேண்டியது ஒன்றுதான். தினமும் அரைமணி நேரம், கையில் பட்டையைக் கட்டிக்கொண்டு, புதிதாக விண்ணப்பித்தவர்களின் படைப்புகளைப் பார்க்க வேண்டும். மதிப்பெண் போட வேண்டாம். கருத்து எழுத வேண்டாம். பார்த்தால் போதும்.

“வணக்கம், மெட்டில்டா. இன்று மூன்று விண்ணப்பங்கள்” என்றது துணைக்குரல்.

முதலில் வந்தது, களிமண்ணில் செய்த ஒரு கூட்டம் காதுகள். மெட்டில்டாவுக்குப் பிடித்திருந்தது. பத்து நிமிடம் முடிந்ததும் சுவரின் ஓரத்தில் பச்சைப் புள்ளி ஒன்று எரிந்து அணைந்தது. இரண்டாவது, மீன்வலை நூலில் பின்னிய வானம். அதுவும் அழகுதான். அதற்கும் பச்சை.

மூன்றாவது வந்து நின்றதும் அவளுக்கு மூச்சு ஒரு கணம் நின்றது.

அது ஒரு படுக்கைவிரிப்பு. ஓரத்தில் நீலக்கோடு போட்ட ஆஸ்பத்திரி விரிப்பு. சுவர் முழுவதும் தொங்கியது. அதன்மேல் நிறம் ஏதும் இல்லை, சுட்ட தழும்புகள்தான். சூடான இஸ்திரிப் பெட்டியை ஓரிடத்தில் ஒரு நொடி, இன்னோரிடத்தில் நான்கு நொடி என்று வைத்து எடுத்து, தேநீர்க் கறையின் வெளுப்பிலிருந்து கரிக்கருப்பு வரை வரவழைத்திருந்தார்கள். சற்றுத் தள்ளிப் பார்த்தால் அது ஒரு கட்டில். சற்றுமுன்வரை ஒருவர் அதில் படுத்திருந்திருக்கிறார். தலை அழுந்திய பள்ளம் இருந்தது. குதிகால் இழுத்த மடிப்பு இருந்தது. ஆள் மட்டும் இல்லை.

பெயர் போடாமல்தான் படைப்புகளைக் காட்டுவார்கள். ஆனால் மெட்டில்டாவுக்குப் பெயர் தேவைப்படவில்லை. மேட்டு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஜெரோசாவைத் தவிர வேறு யார் இப்படிச் செய்ய முடியும்? இரண்டு தெரு தள்ளியிருந்த ஜெரோசாவின் வீட்டில் எப்போதும் ஒரு கருகல் வாசனை இருக்கும். கேட்டால், “மத்தியானச் சோத்து நேரத்துல சும்மா தேச்சுப் பாக்கேன்க்கா” என்று சிரிப்பாள். மெட்டில்டா அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை. எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தாள் என்பதே சரி.

மெட்டில்டா எட்டு ஆண்டுகளாக மனித முதுகுகளை வரைந்துவருகிறாள். பேருந்துக்காக நிற்பவர்களின் முதுகு, ஜெபிப்பவர்களின் முதுகு, சமைப்பவர்களின் முதுகு. அந்த முதுகுகள்தாம் அவளைக் கண்மாடத்துக்குள் கொண்டுவந்தன. இப்போது அந்த விரிப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அவளுக்குத் தோன்றியது: ‘நான் ஆளைத் திருப்பி நிறுத்தினேன். இவள் ஆளையே எழுப்பி அனுப்பிவிட்டாள்.’

வயிற்றின் மேற்பக்கத்தில் ஒரு சூடு பரவியது. அவளுடைய இடது கை, அவள் சொல்லாமலேயே, சட்டைப்பைக்குள் போய்ச் செபமாலையைப் பிடித்தது.

அது ஏன் என்று சொல்ல வேண்டும். கண்மாடம் தொடங்கிய காலத்தில், உள்ளே இருக்கும் ஓவியர்களிடம் மதிப்பெண் கேட்டார்கள். ஓவியர்கள் தங்களுக்கு ஆபத்தில்லாத படைப்புகளுக்கு அள்ளிக் கொடுத்தார்கள்; தங்களைத் தாண்டிப் போகக்கூடியவற்றுக்குக் கிள்ளிக் கொடுத்தார்கள். பத்தாண்டு இப்படிப் போன பிறகு, கூடம் சாதுவான அழகால் நிரம்பிவிட்டது. பிறகுதான் யாரோ ஒருவர் பட்டையைக் கட்டிப் பார்த்தார். ஒரு படைப்பு பிடித்திருந்தால் பார்ப்பவரின் மூச்சு நீள்கிறது. ‘இதை நான் செய்திருக்க வேண்டும், ஆனால் என்னால் முடியாது’ என்று தெரிந்தால் மூச்சு ஒரு கணம் நிற்கிறது, உள்ளங்கை குளிர்கிறது, வயிறு சுருங்குகிறது. வாய் எதைச் சொன்னாலும் உடம்பு இதை மறைப்பதில்லை. இப்படி ஓவியர்களின் உடம்பு துடித்த படைப்புகளைத்தான் ஒரு தலைமுறை கழிந்தும் மக்கள் தேடி வந்து பார்த்தார்கள்.

அதற்கு உறுத்தல் என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஏழு ஓவியர்கள் பார்ப்பார்கள். நான்கு பேருக்காவது உறுத்தினால் விண்ணப்பித்தவர் உள்ளே வரலாம். பத்து நிமிடத்தின் மொத்தத்தையும் கணக்கிட்டு, உறுத்தினால் சிவப்புப் புள்ளி, இல்லாவிட்டால் பச்சை. உடம்பு சொன்னதை உடம்புக்கு உரியவரிடம் மறைக்கக் கூடாது என்பது சட்டம்; அதனால் பார்த்தவருக்கு அவருடைய புள்ளி மட்டும் காட்டப்படும். ஊரில் அதற்கு வேறு பெயர். “வயித்தெரிச்சல் மார்க்கு வந்துட்டா?” என்றுதான் கேட்பார்கள்.

சென்ற வருடம் டெல்பினுக்குக் காய்ச்சல் கண்டிருந்த ஒரு காலையில், மெட்டில்டா பார்வை வேளையிலும் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். அன்று வந்த ஒரு படைப்பு அவளைக் குத்தியது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பச்சைதான் எரிந்தது. மாலையின் மணிக்கு மணி சீராக ஓடிய மந்திரம் மூச்சை நிற்கவிடவில்லை. அன்று அது தற்செயல். அதன்பின் அவள் அதைச் செய்ததில்லை.

இன்று செய்தாள்.

காரணம் இருந்தது. போன வாரம் கண்மாடத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. கரைவட்டத்துக்கு, அதாவது இந்தக் கடற்கரைப் பகுதி ஓவியர்களுக்கு, நான்கு இடங்கள். மூன்று நிரம்பிவிட்டன. அவளுடைய மூன்றாண்டு முடிகிறது. புதிய முதுகுகள் சக ஓவியர்கள் யாரையும் உறுத்தவில்லை. இந்தச் சுற்றில் புதியவர் எவரும் தேறாவிட்டால் நான்காவது இடம் அவளுக்கே நீட்டிக்கப்படும். தேறினால் அவள் பணியறையைக் காலி செய்ய வேண்டும். காலி செய்தால் பழைய இடத்துக்குத்தான் போக வேண்டும். கைத்தொடுப்புக் கூடம். படப்பொறி அச்சிட்டுத் தள்ளும் படங்களின்மேல் ஆளுக்கொரு தூரிகை இழுப்பு இழுத்து, ‘கைபட்டது’ என்று முத்திரை குத்தும் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு படம். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி, கீழே வலது மூலையில் ஒரு இழுப்பு. ஆறு வருடம் அதைச் செய்திருக்கிறாள்.

ஆகவே மணிகள் விரலிடையே நகர்ந்தன. அவள் விரிப்பைப் பார்த்தாள், பார்க்காமலும் இருந்தாள். ‘துணி மட்டமான துணி’ என்று ஒரு மணியை உருட்டும்போது நினைத்தாள். ‘பத்து வருடத்தில் கருகல் உதிர்ந்துவிடும்’ என்று அடுத்த மணிக்கு. ‘படிக்காதவள், ஏதோ தற்செயலாக வந்திருக்கிறது’ என்று அதற்கடுத்த மணிக்கு. இடையிடையே தேவதாயின் பெயரும் வந்தது.

பச்சை எரிந்தது.

“உங்கள் மனம் அமைதியாக இருந்தது. நன்றி” என்றது துணைக்குரல்.

இரண்டு வாரம் கழித்து ஜெரோசா வந்தாள். வேலை முடிந்த கையோடு வந்திருந்தாள். சலவைச் சோடாவில் வெளுத்த விரல்கள், தோளில் ஒரு துணிப்பை. உள்ளே நுழைந்ததும் டெல்பினின் கையில் ஒரு பொட்டலம் பனங்கற்கண்டைத் திணித்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“யக்கா, ஒரு கூத்து கேளுங்க. நான் உங்க கண்மாடத்துக்கு எழுதிப் போட்டேன்.”

“அப்படியா” என்றாள் மெட்டில்டா. அவளுக்கே தன் குரல் யாருடையதோ போல் கேட்டது. “எங்கிட்ட சொல்லவே இல்லயேட்டி.”

“சொன்னா சிரிப்பியன்னுதான். வார்டு நர்சு ஒருத்தி சும்மா இருக்காம படம் புடிச்சு அனுப்பிட்டா. சரி, போனது போச்சுன்னு நானும் மீதிக் கடுதாசியெல்லாம் எழுதினேன். நேத்து பதில் வந்துட்டு.”

“என்ன வந்திருக்கு?”

“மூணு பேருக்கு எரிஞ்சிருக்காம்.” ஜெரோசா மூன்று விரலைக் காட்டினாள். “நாலு வேணுமாம்லா. நாலு பேரு மனசு குளுந்து பாத்திருக்காவ. நல்ல மனுசங்க. இந்தக் காலத்துல இப்படி நாலு நல்லவிய இருக்காவன்னு எனக்கு இப்பத்தான் தெரியும்.”

அவள் சிரித்தாள். மெட்டில்டாவும் சிரிக்க வேண்டியதாயிற்று.

“வருத்தமா இருக்கா?”

“இல்லாம இருக்குமா? கெடச்சிருந்தா அந்தச் சலவைக்கூடத்துப் பெரியவர்ட்ட, இனிமே கிழிஞ்ச விரிப்பத் தேடி வரமாட்டேன் சாமின்னு சொல்லியிருக்கலாம். இப்பயும் கிழிஞ்சதுதான் குடுப்பாரு. நல்லதக் கருக்குனா சம்பளத்துல புடிச்சிருவாரு.” டெல்பின் கீழே போட்ட பனங்கற்கண்டு உறையை எடுத்து மடித்தாள். பிறகு குரல் தாழ்ந்தது. “மூணு பேருக்கு எரிஞ்சிருக்கில்லாக்கா. அது போதும்னு இருக்கு. ஆனா ராத்திரி படுத்தா, அந்த நாலுல ஒருத்தி கொஞ்சம் கெட்டவளா இருந்திருக்கப்படாதான்னு தோணுது.”

மெட்டில்டா எழுந்து தேநீர் போடப் போனாள். அடுப்பின் முன் நின்றபோது, தன்னை உறுத்துவது எது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. செய்த காரியம் அல்ல. அதற்குப் பிறகும் பொறாமை குறையவில்லை. தோற்றுப்போன பிறகும் ஜெரோசா சிரிக்கிறாளே என்பதுதான் இப்போது எரிந்தது. அந்தச் சிரிப்பைக்கூடத் தன்னால் செய்ய முடியாதே என்று எரிந்தது.

பொறாமைக்கு ஒரு குணம் உண்டு. அது எடுத்ததை வைத்துக்கொண்டு அமைதியாக இருப்பதில்லை. எடுக்க முடியாததைத் தேடிக்கொண்டே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் பங்குச்சாமியைப் பார்க்கப் போனாள். சாமி லியோனுக்கு முப்பத்திரண்டு வயது. வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பூசை உடையை மடித்துக்கொண்டிருந்தார்.

“சாமி, ஒரு சந்தேகம். ஒருத்தர் மேல பொறாமை வருதுன்னு வச்சுக்கிடுங்க. அப்ப செபமாலை சொன்னா அது அடங்கிப் போகுது.”

“நல்ல காரியந்தானம்மா.”

“அது நல்ல காரியமா இல்லயான்னுதான் கேக்க வந்தேன்.”

“அதுல என்ன சந்தேகம்? பொறாமை வந்தா மனுசங்க சண்டைக்குப் போவாங்க. நீங்க செபத்துக்குப் போயிருக்கீங்க.” அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அடுத்த மாசம் பெண்கள் கூட்டத்துல இத நீங்க சாட்சியா சொல்லணும்.”

“அதெல்லாம் வேண்டாம் சாமி.”

“பாத்தீங்களா, தாழ்ச்சியும் இருக்கு” என்றார் அவர் உண்மையான மகிழ்ச்சியோடு.

மெட்டில்டா வெளியே வந்தாள். வெயில் சுட்டது. அவர்மேல் குற்றம் இல்லை. பாதியைச் சொன்னால் பாதிக்குத்தான் பதில் கிடைக்கும். செபம் பொய் சொல்வதில்லை. ஆனால் பொய்யின்மேல் போர்த்துவதற்கு அதைவிட அழகான துணி இல்லை. அதைத்தான் அவள் செய்திருந்தாள். பொறாமை போகட்டும் என்று அவள் செபிக்கவில்லை. தெரியாமல் இருக்கட்டும் என்று செபித்திருந்தாள்.

நடந்துகொண்டிருந்தபோது, பல ஆண்டுகளாக அவள் எண்ணாமல் ஒதுக்கிவைத்திருந்த ஒன்று தானாக முன்னால் வந்து நின்றது.

கைத்தொடுப்புக் கூடத்தில் வேலை பார்த்த காலம் அது. மாலையில் வீட்டுக்கு வந்து முகங்கள் வரைவாள். எந்த முகமும் சரியாக வராது. படப்பொறி வரையும் முகம்போலவே வந்து தொலைக்கும். ஒருநாள் ஜெரோசா, ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பழைய துணிகளை அவளுக்குத் தூரிகை துடைக்கக் கொடுத்துவிட்டு, தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். “மூஞ்சிய எல்லாத்தையும்தான் அந்த மிசினு வரையுது. எங்க வார்டுல வாசலப் பாத்து உக்காந்திருப்பாவல்லா, ஆளு வரும் ஆளு வரும்னு, அவிய முதுக வரைங்களேன். அது மிசினுக்குத் தெரியாது” என்றாள். சொல்லிவிட்டு, பால் வாங்க வேண்டும் என்று போய்விட்டாள்.

முதல் முதுகை மறுநாள் வரைந்தாள் மெட்டில்டா. பிறகு நேர்காணல்களில், முதுகுகள் எப்படி வந்தன என்று கேட்டவர்களிடமெல்லாம், அது தன் நெடுநாள் சிந்தனை என்று சொன்னாள். சொல்லிச் சொல்லி அவளே நம்பிவிட்டாள். ஜெரோசா ஒருநாளும் அதை நினைவுபடுத்தியதில்லை. அவளுக்கு நினைவிருக்கிறதா என்றே தெரியாது. கொடுத்தவள் மறந்துபோன கடனை வாங்கியவள் மறக்க முடியாது; மறந்ததுபோல் நடக்கலாம், அவ்வளவுதான்.

மறுநாள் காலை பணியறைக்குப் போவதற்கு முன், கைத்தொடுப்புக் கூடத்துக்கு அழைத்து, ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்தாள். எடுக்கிறார்கள் என்று சொன்னார்கள். பழைய மேசைகூடக் காலியாகத்தான் இருக்கிறதாம். செபமாலையை வீட்டில் மாதா படத்தின் அருகில் மாட்டிவிட்டுப் புறப்பட்டாள்.

“ஒரு விண்ணப்பத்துக்கு மறுபார்வை கேக்கணும்” என்றாள் துணைக்குரலிடம்.

“கேட்கலாம். முடிவு வந்த நாற்பது நாளுக்குள், பார்த்த எழுவரில் எவரும் ஒருமுறை கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. எந்த விண்ணப்பம்?”

“படுக்கைவிரிப்பு.”

“ஒன்றைத் தெரிவிப்பது என் கடமை. இப்போது அதற்கு மூன்று உறுத்தல்கள் உள்ளன. உங்கள் பதிவு மாறினால் நான்காகும். அப்படியானால் கரைவட்டத்தின் கடைசி இடம் அவருக்குச் செல்லும்.”

“தெரியும்.”

“மறுபார்வையை யார் கேட்டார் என்பது அவருக்குத் தெரிவிக்கப்படாது. வேறு எவருக்கும் தெரிவிக்கப்படாது. பதிவு முடிந்ததும் பார்த்தவரின் பெயர் அழிக்கப்படும்.”

“அதுதான் வேணும்.”

“மறுபார்வையில் புள்ளி தொடக்கம் முதலே தெரியும். அரைமணி நேரத்துக்குள் ஒருமுறை சிவந்தால் போதும், பதிவாகிவிடும். தொடங்கலாமா?”

விரிப்பு மீண்டும் வந்து சுவரில் தொங்கியது. ஓரத்தில் பச்சைப் புள்ளி.

மெட்டில்டா கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். மனம் லேசாக இருந்தது. தவறைத் திருத்த வந்திருக்கிறாள். தன் இடத்தைக் கொடுக்க வந்திருக்கிறாள். பாவம் ஜெரோசா, கிழிந்த துணிக்காகச் சலவைக்கூடத்துப் பெரியவரிடம் கெஞ்சுகிறவள். இனி கெஞ்ச வேண்டாம். அவள் பணியறைக்குள் வந்து நின்று வாயைப் பிளப்பதை மனக்கண்ணில் பார்த்தாள். நெஞ்சு நிறைந்து கண் பனித்தது.

புள்ளி பச்சையாகவே இருந்தது.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தபோது திடுக்கிட்டாள். எரிச்சல் போய்விட்டது. இரண்டு வாரமாக அவளைத் தூங்கவிடாமல் செய்தது, தேவைப்படுகிற இன்று இல்லை. இரக்கம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. இரக்கத்துக்கு மூச்சு நிற்காது. பட்டைக்கு அது அமைதி.

பதினைந்து நிமிடம். அவள் பழைய எரிச்சலை வலிந்து வரவழைக்கப் பார்த்தாள். இந்த அறை போய்விடும் என்று நினைத்தாள். இருநூறு படங்களின் வலது மூலையை நினைத்தாள். அது பயத்தைத்தான் கொண்டுவந்தது. பயத்துக்கும் பச்சைதான்.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று தெரிந்தது. முதல்முறை மணிகளை எண்ணிக்கொண்டு பார்க்காமல் இருந்தாள். இந்த முறை தன்னுடைய நல்ல மனத்தைப் பார்த்துக்கொண்டு, பார்க்காமல் இருக்கிறாள். விரிப்பை அவள் இன்னும் பார்க்கவே இல்லை.

நாற்காலியைச் சுவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். தலை அழுந்திய பள்ளத்திலிருந்து தொடங்கினாள். அவசரப்படாமல், ஓர் ஓவியர் இன்னோர் ஓவியரின் வேலையைப் பார்ப்பதுபோல், ஒவ்வொரு சூடாகப் பார்த்துக்கொண்டு இறங்கினாள். இந்த இடத்தில் பெட்டியின் நுனி. இந்த இடத்தில் விளிம்பு. இங்கே ஈரத்துணி வைத்துச் சுட்டிருக்கிறாள். அதனால்தான் ஓரம் கலங்கியிருக்கிறது. இடுப்புக்கு நேராக வந்தபோது கண் நின்றது.

அங்கே ஓர் ஓட்டை. பெட்டி ஒரு நொடி அதிகம் நின்று, துணி எரிந்து போயிருந்தது. தவறிப்போன இடம், அதில் சந்தேகமே இல்லை. மெட்டில்டாவாக இருந்தால் அந்தத் துணியைச் சுருட்டி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருப்பாள். ஜெரோசா எறியவில்லை. மறைக்கவும் இல்லை. ஆஸ்பத்திரியில் கிழிந்த விரிப்புகளை எப்படி ஒட்டுப்போடுவார்களோ அப்படியே, பின்னாலிருந்து வேறொரு துண்டை வைத்து, பெரிய பெரிய தையலாக, சலவைக்கூடத்துக்காரியின் தையலாகத் தைத்திருந்தாள். ஒட்டுத்துணி புதிது. வெள்ளை வெளேரென்று இருந்தது. நெடுநாள் படுத்த ஒரு நோயாளிக்கு எங்கே புண் வைக்குமோ அங்கே, அந்த முழு விரிப்பிலும் சுடப்படாத ஒரே இடமாக, யாரோ மருந்து வைத்துக் கட்டியதுபோல் அது இருந்தது.

இல்லாத மனிதருக்கு அவள் கட்டுப்போட்டிருந்தாள்.

இது யோசித்துச் செய்ததல்ல. யோசித்தால் வராது. தவறிய இடத்தை விட்டு ஓடாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கத் தெரிந்த ஒரு கைக்குத்தான் இது வரும். மெட்டில்டாவின் கைக்கு அது தெரியாது. நாற்பத்து நான்கு வயதில், இத்தனை முதுகுகளுக்குப் பிறகு, அது தனக்குத் தெரியாது என்பதும், இனித் தெரியப் போவதில்லை என்பதும் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

மூச்சு நின்றது. உள்ளங்கை குளிர்ந்தது. வயிற்றின் மேற்பக்கத்தில் நெருப்புப் பற்றியது. முதல் நாள் வந்ததைவிட அதிகமாக, கூசும்படியாக. ஏன் நான் இல்லை, ஏன் இவள், என்று உள்ளே ஏதோ ஒன்று வெட்கமில்லாமல் கத்தியது. நல்ல எண்ணம் ஒன்றுகூடத் துணைக்கு வரவில்லை.

புள்ளி சிவந்தது.

“பதிவாகிவிட்டது” என்றது துணைக்குரல். “பார்த்தவரின் பெயர் அழிக்கப்படுகிறது. நீங்கள் விரும்பினால் இத்துடன் முடித்துக்கொள்ளலாம்.”

அவள் பட்டையைக் கழற்றவில்லை. இன்னும் எட்டு நிமிடம் மீதி இருந்தது. வெளியே நடைவழியில் யாரோ பேசிக்கொண்டே போனார்கள், கதவு சாத்தியிருந்தது. அவளுடைய இரண்டு கைகளும் மடியில் விரிந்து கிடந்தன. எரிச்சல் அடங்க வேண்டும் என்று அவள் எதையும் சொல்லவில்லை, எதையும் எண்ணவில்லை. எரியட்டும் என்று விட்டுவிட்டு, மீதி இருந்த கால்மாட்டுப் பக்கத்தையும், அந்த நீலக்கோட்டின் கடைசி நூல் வரைக்கும், மெதுவாகப் பார்த்து முடித்தாள்.